வரைவில் இருந்தது

வரைவாக இருந்தால் விட்டுவிடு. நிரலில் அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

பல்துலக்கியை வாயில் வைத்தபடியே சின்னவள் நின்றுவிட்டாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு. அவள் எழுதி வெளியிட்ட பதிவுகள் நாற்பத்தாறு என்பது தன் செருப்பளவு மாதிரி அவளுக்குத் தெரியும். நேற்று மாலை, பழைய வலைப்பூவில் இருந்ததையெல்லாம் புதுத் தளத்துக்குக் கொண்டுவந்த நிரல் வேலையை முடித்துவிட்டுத் திரையில் என்ன சொன்னது? நாற்பத்தேழு பதிவுகள் மாற்றப்பட்டன. அதைப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்துவிட்டுக் கணினியை மூடியது யார்? நானேதான்.

நாற்பத்தேழாவது எது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வரைவுக்கு வெளியீட்டுத் தேதி கிடையாது. தேதி இல்லாவிட்டால் இன்றைய தேதியைப் போட்டுக்கொள் என்று எழுதியதும் அவள்தான். புதிதாக ஏதாவது வந்தால் காலை ஆறு மணிக்கு வாசகர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடு என்று ஏற்பாடு செய்ததும் அவள்தான். பழைய நாற்பத்தாறும் பழைய தேதியோடு சமர்த்தாகப் போய் உட்கார்ந்திருக்கும். அந்த ஒன்று மட்டும், நான்கு வருஷம் இருட்டில் கிடந்தது, இன்று பிறந்தது மாதிரி முகம் கழுவிக்கொண்டு வாசல் தாண்டிப் போயிருக்கும்.

மணி ஆறு நாற்பது.

"உள்ளயே குடியேறிட்டியா?" என்று வெளியிலிருந்து அவள் வீட்டுக்காரர் கேட்டார். "கடை திறக்கணும்மா எனக்கு."

வாயைக் கொப்பளித்தாள். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்று வாரமாகத்தான் இந்த வீட்டில் காலை நேரம் இப்படி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அம்மா படுத்தபோது வேலையை விட்டவள், அம்மா போனபிறகும் நான்கு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் மறுபடி நிரல் எழுதும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை வலைப்பூவையும் மறுபடி திறந்தாள். 'மறுபடியும் முதல் நாள்' என்று சின்னதாக ஒரு பதிவு. அதைப் படித்துவிட்டு அப்பா வழக்கம்போல் ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தார்: நன்று. அக்காவோ ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாள். வரைவில் ஒன்று கிடப்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் இன்று காலைவரை சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஈரக் கையோடு மேசைக்கு ஓடினாள். மடிக்கணினியைத் திறந்தாள். கறுப்புத் திரை. பொத்தானை அழுத்தினாள், அழுத்தினாள். அது உயிரோடு இல்லை.

சார்ஜர் அலுவலகத்தில் இருந்தது. அலுவலகக் கணினிக்கு இன்னும் சார்ஜர் தராததால், வீட்டிலிருந்து கொண்டுபோய் மேசையடியில் செருகி வைத்திருந்தாள். வெளிக்கணினியை உள்ளே எடுத்துப்போக அங்கே அனுமதி கிடையாது. தளமோ அவளே கையால் கட்டியது. இந்த ஒரு கணினியிலிருந்துதான் அதில் எதையும் மாற்ற முடியும். கைப்பேசியில் படிக்கலாம், அவ்வளவுதான். வீட்டைக் கட்டி, சாவியை ஒன்றே ஒன்றாகச் செய்து, அதையும் உள்ளே வைத்துப் பூட்டிய கதை.

"என்ன, பேய் அறைஞ்சாப்ல நிக்கற?" என்றார் வீட்டுக்காரர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"ஒரு பதிவு தப்பாப் போயிடுச்சு. பழசு. அம்மா இருந்தப்ப எழுதினது."

அவர் கைப்பேசியை எடுத்தார். கட்டைவிரல் மேலும் கீழும் போனது. மருந்துச் சீட்டைப் படிக்கிற முகம்.

"மெயில்ல வந்த வரைக்கும் தேடிப் பார்த்துட்டேன்" என்றார். "என்னைப் பத்தி ஒரு வரி இல்ல. கொஞ்சம் வருத்தம்தான்."

"விளையாடாதீங்க."

"விளையாடல." குரல் இறங்கியது. "முதல் ரெண்டு பத்திதான் மெயில்ல வருது. அதுலயே அக்காவைப் பத்தி இருக்கு. அவங்க படிச்சிருப்பாங்களா?"

"காலைல எழுந்ததும் முதல் வேலை அதுதான் அவளுக்கு."

"அப்ப படிச்சிருப்பாங்க" என்றார் அவர். மருந்துக்கடைக்காரருக்கு இந்த ஒரு குணம், எதையும் தண்ணீர் கலக்காமல் சொல்லிவிடுவார்.

கூடத்தில் அப்பா, மடியில் பலகைக்கணினியை வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். எதையாவது படித்து முடித்தபிறகுதான் கண்ணாடி மேலே போகும். படிப்பதற்கு முன்னால் எப்போதும் கீழேதான் இருக்கும். எழுபத்தெட்டு வயதிலும் மாறாத பழக்கம்.

"அப்பா..."

"டீ ஆறுது பாரும்மா" என்றார் அவர்.

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை என்பதைத்தானே அந்தப் பதிவில் எழுதியிருந்தாள்.

*

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. கைப்பேசியும் கையில்தான் இருந்தது. ஒரு தொடுகையில் திறந்து படித்துவிடலாம். அவள் திறக்கவில்லை.

திறக்காமலே அவளுக்குத் தெரியும். அம்மாவின் கட்டிலருகே நாற்காலி போட்டுக்கொண்டு, அம்மா கண்ணயர்ந்த ஒரு மத்தியான வேளையில், அரைமணி நேரத்தில் அடித்துத் தள்ளியது. 'யாரும் கேட்கவில்லை' என்று தலைப்பு. 'அக்கா தலைமை ஆசிரியை. அவளுக்கு நானூறு பிள்ளைகள். எனக்கு ஒரு கணினி. ஆகவே கணக்கு எளிதாக முடிந்துவிட்டது. வேலையை விடுகிறாயா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. எப்போது விடுகிறாய் என்றுதான் கேட்டார்கள்.' அப்புறம் அக்காவின் தொலைபேசி அழைப்புகள். தினமும் காலை எட்டு மணிக்கு, மணி அடித்தாற்போல. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தாயா, தண்ணீர் கொடுத்தாயா, ஜன்னலைத் திறந்தாயா என்று. 'ஒரு பள்ளிக்கூடத்தை நடத்துகிறவளுக்கு நானும் ஒரு வகுப்பறை.'

எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. வெளியிடும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். அம்மா இருமினாள். எழுந்து போனாள். அதோடு சரி.

ஐந்து மாதம் கழித்து அம்மா போனாள். அதன்பிறகு சின்னவளால் வலைப்பூவில் ஒரு வரி எழுத முடியவில்லை. ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டவர்களிடம் நேரமில்லை என்றாள். நேரம் இருந்தது. நாள் முழுக்க, அறைக்கு அறை நேரம் இருந்தது. எதை எழுத உட்கார்ந்தாலும் அது அடியில் கிடந்தபடி அவளைப் பார்த்தது. அதைப் போடவும் முடியவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. அழித்தால் அப்படி ஒரு மத்தியானமே இருக்கவில்லை என்று ஆகிவிடும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அழித்துவிட வேண்டும். அக்கா கேட்பதற்கு முன்னாலேயே. அவள் காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

*

அவள் சேர்ந்திருக்கும் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு டோக்கன் மென்பொருள் செய்கிறது. உங்கள் எண் முப்பத்திரண்டு, உங்களுக்கு முன்னால் நான்கு பேர் என்று நோயாளியின் கைப்பேசிக்குச் செய்தி போகுமே, அது. சில நாட்களாக ஒரே செய்தி இரண்டு முறை போய்க்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் தன்னை இரண்டு முறை அழைத்தார்கள் என்று நினைத்து, வைத்தியரிடம் காட்டிவிட்டு வந்தவர் மறுபடி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாராம். அதைச் சரிசெய்வதுதான் சின்னவளுக்குக் கொடுத்த முதல் வேலை. இன்று காலை அந்தத் திருத்தத்தின் வெளியீடு.

வெளியீட்டு நாளில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் கைப்பேசியை ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும். வேலை முடிந்தபிறகுதான் எடுக்கலாம். சின்னவள் வைத்தபோதே அது அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. தட்டில் மற்ற கைப்பேசிகளோடு சேர்ந்து அது கிடுகிடுவென்று நடுங்கியதைப் பார்த்துவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

குழுத்தலைவனுக்கு அவளைவிடப் பதினான்கு வயது குறைவு. அவளை மேடம் என்று கூப்பிடலாமா கூடாதா என்று மூன்று வாரமாக அவனுக்கு ஒரு முடிவு தெரியவில்லை. அதனால் எப்படியும் கூப்பிடாமல், பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமுவான்.

செருமினான். "ஒரே ஒரு சந்தேகம். இந்த இடத்துல மூணு தடவை சரிபார்க்கறீங்க. அனுப்பலாமா, ஏற்கெனவே அனுப்பியாச்சா, அனுப்ப வேண்டியதுதானான்னு. ஒண்ணு போதாதா?"

"போதாது."

"கொஞ்சம் மெதுவாகுமே."

"ஆகட்டும். அனுப்பினது திரும்பி வராது."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். என்ன தோன்றியதோ, "சரி, இருக்கட்டும்" என்று போய்விட்டான்.

பதினொன்றரைக்கு வெளியீடு முடிந்தது. ஒருவருக்கும் செய்தி இரண்டாம் முறை போகவில்லை. சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். யாரோ, "முதல் வெளியீட்டுலயே எதையும் உடைக்காம விட்டவங்க நீங்கதான், எங்க எல்லாருக்கும் அவமானம்" என்றார்கள். சின்னவள் சிரித்தாள். ஊராருக்கு மூன்று பூட்டுப் போட்டவள் தன் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இதை யாரிடம் சொல்வது?

கைப்பேசியில் ஒன்பது தவறிய அழைப்புகள். எட்டு, அக்கா. ஒன்று, வீட்டுக்காரர். கடைசியில் அக்காவிடமிருந்து ஒரு செய்தி: சாயந்திரம் வரேன். பேசணும்.

அக்கா எப்போதும் செய்தியில் ஒரு பொம்மை முகமாவது போடுவாள். இதில் ஒன்றும் இல்லை.

*

சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்தாள் சோதனைப் பிரிவுக்காரி. மற்றவர்கள் எழுதுவதில் பிழை கண்டுபிடிப்பது அவள் தொழில். சேர்ந்த முதல் வாரமே சின்னவளுடைய நிரலில் ஏழு பிழை கண்டுபிடித்து, அதனாலேயே தோழியாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பதிவைக் காட்டப்போய், வாசகர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டாள்.

"காலைல வர்ற வழியில படிச்சேன்" என்றாள். "பஸ்ஸுல அழுதுட்டேன். பக்கத்துல இருந்தவங்க கைக்குட்டை கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்."

"அது தப்பா வந்துடுச்சு. இன்னிக்கு எடுத்துடுவேன்."

"ஏன்? அப்படி ஒரு கோவம் யாருக்குத்தான் இல்ல? எங்க வீட்டுல நான் எழுதினா வால்யூம் வால்யூமா வரும்." டப்பாவைத் திறந்தாள். "ஆனா கடைசியில அந்தக் கவிதை இருக்கே, அதுதான் என்னைக் கவுத்துடுச்சு."

"எந்தக் கவிதை?"

"முடிவுல வருதே. சின்னச் சின்ன வரியா."

"நான் கவிதை எழுதினதே இல்ல."

"அதுவா? சரி, உடைச்சு எழுதின உரைநடைன்னு வெச்சுக்கோங்க. பிழை கண்டுபிடிக்கறதுதான் என் வேலை, பேர் வைக்கறது இல்ல."

சின்னவள் எழுந்தாள். கையில் எடுத்த கரண்டியை எங்கே வைத்தாள் என்று தெரியாது. மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னலோரம், யாரும் வராத இடத்தில் போய் நின்று கைப்பேசியைத் திறந்தாள்.

அவள் எழுதியது அப்படியே இருந்தது. நினைவில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூர்மையாக. 'நானும் ஒரு வகுப்பறை' என்பதோடு அது முடிந்திருந்தது. முடிந்திருக்க வேண்டும். அதன் கீழே, ஒரு வெற்றிடம் விட்டு:

இதுவரை எழுதியது சின்னவள்.
இனி எழுதுவது அவள் அம்மா.
அவள் சொல்வது சரி.
அவளை யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
பெரியவளைக் குறை சொல்ல
வேண்டாம். ஒரு மாதம் வந்து
இரு என்று அவளிடம் நான்
சொல்லவில்லை. சொல்லியிருந்தால்
வந்திருப்பாள். சின்னவள் கையால்
சாப்பிடப் பிடித்திருந்தது.
அதுதான் காரணம்.

சின்னவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா முப்பத்தோரு வருஷம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்தவள். வரி முடியப்போகிறது என்று இயந்திரத்தில் மணி அடிக்கும். அம்மா தள்ளுதண்டைத் தள்ளி அடுத்த வரிக்குப் போவாள். வீட்டில் கணினி வந்தபிறகும், அது தானாகக் கீழே போகும் என்று எவ்வளவு சொன்னாலும் நம்பவில்லை. "போகலைன்னா?" என்பாள். மணி அடிக்காத இயந்திரத்தில் எங்கே ஓரம் வரும் என்று தெரியாமல், வரி பாதி தூரம் போவதற்குள்ளேயே பயந்து பொத்தானைத் தட்டிவிடுவாள். அம்மாவுக்கென்று அந்த மடிக்கணினியில் தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து வரிசையைப் போட்டுக் கொடுத்ததும் சின்னவள்தான்.

அந்த உடைந்த வரிகளைக் கைப்பேசியில் பார்க்கும்போது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் அம்மாவின் விரல் ஒருமுறை இறங்கி எழுவது தெரிந்தது. இதைக் கவிதை என்று படிக்க, அம்மாவைத் தெரியாத ஒருத்தி வேண்டியிருந்தது.

நான்கு வருஷம். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதிய ஒன்று என்று நினைத்து, அதற்காகவே தன்னைத் தானே கூண்டில் ஏற்றி நிறுத்திக்கொண்டிருந்தாள். அம்மாவோ படித்து, ஒத்துக்கொண்டு, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதைத் திறந்து பார்க்க ஒருநாளாவது தைரியம் வந்திருந்தால்!

மேலே யாரோ கதவைத் திறந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

சார்ஜரைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஐந்தே முக்காலுக்கு வீடு வந்தாள். கணினியைச் செருகினாள். ஓரத்தில் ஒரு சிறு விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. உயிர் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

அப்பா அதே நாற்காலியில். கண்ணாடி அதே நெற்றியில்.

"காலைலயே படிச்சிட்டீங்க" என்றாள்.

"ம்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசியைத்தான் ரெண்டு தடவை படிச்சேன்." அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "நீ குளிக்கப் போயிருந்த. உங்கம்மா, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியை எடுத்து மடியில வைங்கன்னா. வெச்சேன். தலையணையை முதுகுக்குக் கொடுத்தேன். படபடன்னு அடிச்சா, பழைய வேகம். என்ன அடிச்சேன்னு கேட்டேன். ஒரு திருத்தம்னா."

"நீங்க பார்க்கலையா?"

"உன் பொட்டியை நான் எப்படிம்மா பார்க்கறது? நீ எழுதி வெளிய விட்டா படிப்பேன். விடலைன்னா அது உன்னோடது."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா. அம்மா உன் கம்ப்யூட்டர்ல ஏதோ அடிச்சான்னு."

"நீ படிச்சிருப்பேன்னு நெனச்சேன். படிச்சிட்டுத்தான் எழுதறதை நிறுத்திட்டேன்னு நெனச்சேன். அதான் கேக்கல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நானும் கேட்காதவன்தானே. அவ எழுதினதுல நான் வரல. வந்திருக்கணும். எப்ப விடறேன்னு கேட்டது நான்தான்."

அவள் அவர் முழங்காலில் கை வைத்தாள். எலும்பு மட்டும் தட்டுப்பட்டது.

"இன்னொரு நாளும் கேட்டா" என்றார் அப்பா திடீரென்று.

"எதை?"

"பொட்டியை. அது ரொம்பக் கடைசியில. அன்னிக்கு ரொம்ப நேரம் அடிச்சா. அதையும் இதுலயேதானே எழுதியிருக்கணும்?"

சின்னவள் திரும்பிக் கணினியைப் பார்த்தாள். வரைவில் இருந்தது ஒன்றுதான். அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு இல்லை. அப்படியானால் இரண்டாவது எங்கே? இந்தக் கணினியில்தான் எங்கோ இருக்க வேண்டும், இனிமேல்தான் தேட வேண்டும்.

வாசல் மணி அடித்தது. ஒரே ஒரு முறை. அக்கா எப்போதும் மூன்று முறை அடிப்பவள்.

*

பெரியவள் பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். தோளில் விடைத்தாள் கட்டு. வலது கைச் சுட்டுவிரலில் சிவப்பு மை. செருப்பைக் கழற்றி, வழக்கம்போல் மற்றவர்களின் செருப்பையும் சேர்த்து ஒழுங்காக அடுக்கி வைத்தாள். எவ்வளவு கோபத்திலும் அந்தக் கை அதை விடாது.

அப்பா எழுந்து, "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்றார்.

"உட்காருங்கப்பா. உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல" என்றாள் பெரியவள்.

அப்பா உட்கார்ந்தார்.

"போன வாரம் ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் நான்தான் லிங்க் கொடுத்தேன்" என்றாள் அவள் தங்கையிடம். "என் தங்கச்சி எழுதறா, படிங்கன்னு. ஒவ்வொருத்தர் போனையும் வாங்கி நானே சேர்த்து விட்டேன். பதினாறு பேர். இன்னிக்குக் காலைல நான் உள்ள நுழைஞ்சதும் பதினாறு பேரும் பேச்சை நிறுத்தினாங்க. கணக்கு டீச்சர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டா. அவ எனக்கு நாற்காலி போட்டதே கிடையாதுடி."

"அக்கா, அது தெரியாம..."

"தெரியாமத்தான் வந்துச்சு, உன் வீட்டுக்காரர் போன்ல சொன்னார். எழுதினது தெரிஞ்சுதானே?"

சின்னவள் குனிந்து கணினியின் வயரைச் சரிசெய்தாள்.

"நானூறு பிள்ளைங்கன்னு எழுதியிருக்க. எட்டு மணி போனைப் பத்தி எழுதியிருக்க. எட்டு மணிக்கு ஏன் பண்ணுவேன் தெரியுமா? அசெம்ப்ளி முடிஞ்சு என் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு, அழாம பேச முடியற ஒரே நேரம் அதுதான். திருப்பிப் படுக்க வெச்சியா, தண்ணி கொடுத்தியான்னு கேட்டேன். வேற என்னடி கேக்கறது? அம்மா எனக்கு ஏதாவது சொன்னாளான்னு கேட்க எனக்கு வெட்கமா இருந்துச்சு."

இது சின்னவளுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே போர்வையில் படுத்தவள். இது தெரியாது.

"எடுத்துடு அதை" என்றாள் பெரியவள்.

காலையில், பல் துலக்கும்போது, இதைத்தான் செய்ய நினைத்தாள். பேருந்தில் நினைத்தாள். வெளியீட்டுக்கு நடுவில் நினைத்தாள். இப்போது விளக்கு பச்சையாகியிருந்தது. கணினியைத் திறந்தாள். பதிவு திரையில் வந்தது. விரல் அழிக்கும் இடத்துக்குப் போகாமல் பதிவைக் கீழே கீழே நகர்த்தியது.

"நீ மெயில்ல வந்ததை மட்டும் படிச்சியா?"

"அதுவே போதும்னு மூடிட்டேன்."

"கடைசியைப் படி" என்று கணினியை அவள் பக்கம் திருப்பினாள்.

பெரியவள் நின்றபடியே குனிந்தாள். முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கணினி வந்தபிறகு அம்மா அவளுக்கு எழுதியதெல்லாம் இப்படி உடைந்த வரிகளில்தான். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். விடைத்தாள் கட்டு தோளிலிருந்து நழுவி மடிக்கு வந்தது. உதடு அசைந்தது. ஒரு வரியில் அப்படியே நின்றது. எந்த வரி என்று சின்னவளுக்குப் பார்க்காமலே தெரியும். சொல்லியிருந்தால் வந்திருப்பாள்.

"தெரிஞ்சிருக்கு அவளுக்கு" என்றாள் பெரியவள். "நான் வந்திருப்பேன்னு தெரிஞ்சிருக்கு."

"ஆமாம்க்கா."

"உன் கையால சாப்பிடப் பிடிச்சிருந்துதாம்." மூக்கை உறிஞ்சினாள். "நீ சமைக்கறதை எப்படித்தான் பிடிச்சுதோ."

அப்பா இருமுவதுபோல் சிரித்தார். சின்னவளும் சிரித்தாள். மூவரும் சிரிப்பதற்கும் அழுவதற்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் மை பட்ட விரலால் கண்ணைத் துடைத்ததில், கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது, தவறான விடைக்குப் போட்ட கோடு மாதிரி.

பிறகு அவள் திரையைத் தொட்டாள். அம்மா எழுதிய இடத்துக்கு மேலே, வெற்றிடத்தில், விரலை வைத்தாள்.

"இதுல இருந்து இருக்கட்டும். அம்மா எழுதினது. இதை எத்தனை பேர் வேணும்னாலும் படிக்கட்டும். மேல இருக்கறது, நீ எழுதினது, அதை மட்டும் எடுத்துடு." குரலில் தலைமை ஆசிரியை இல்லை. பழைய அக்கா இருந்தாள், பென்சிலைக் கடன் கேட்கிறவள். "நாளைக்கு நான் திரும்ப அந்த ரூமுக்குப் போகணும்டி. எனக்காக. கேக்கறேன்."

நியாயமான வேண்டுகோள். ரெண்டு நிமிஷ வேலை. மேலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு பொத்தான். காலையில் இருந்தவள் என்றால் அக்கா வாயைத் திறக்குமுன் செய்து முடித்திருப்பாள்.

ஆனால் அம்மாவின் மூன்றாம் வரி அங்கே இருந்தது. அவள் சொல்வது சரி. மேலே ஒன்றும் இல்லாவிட்டால் அம்மா எதைச் சரி என்கிறாள்? யாருக்குப் பதில் சொல்கிறாள்? உடம்பு தள்ளாத நாளில், முதுகுக்குத் தலையணை கேட்டு உட்கார்ந்து, அம்மா அதன் ஓர் எழுத்தையும் அழிக்கவில்லை. அழிக்க அவளுக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் மற்றவர்களின் தவறுகளை அழித்தவள். கீழே எழுதினாள், அவ்வளவுதான்.

யாராவது கேட்டால் போதும் என்று நான்கு வருஷம் காத்திருந்தது நினைவு வந்தது. இதோ, கேட்டுவிட்டார்கள். முதல்முறையாக, கேட்கிறேன் என்ற சொல்லையே போட்டு.

சின்னவள் தன் முந்தானை நுனியால் அக்காவின் கன்னத்தில் இருந்த சிவப்புக் கோட்டைத் துடைத்தாள். லேசில் போகவில்லை. இன்னொரு முறை துடைத்தாள்.

"இல்லக்கா" என்றாள். "நான் எடுக்கல. அது இருக்கட்டும்."